ஆயிரம் பக்கம் ஆங்கிலத்தில், ஐந்து பக்கம் ஸ்பானிஷில்!

லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு ஐந்தாம் எண் நெடுஞ்சாலையில் போகிறவர்கள், ஏறக்குறைய பாதி வழியில் பெட்ரோல் போட்டுக்கொண்டு, எதையாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புகிற இடம் கெட்டில்மன் சிட்டி. பெயரில்தான் சிட்டி. 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அங்கே குடியிருந்தவர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர். அவர்களில் 95 சதவீதம் பேர் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். பெரும்பாலும் சுற்றியுள்ள பெரும் பண்ணைகளில் கூலி வேலைக்குப் போகிறவர்கள். 70 சதவீதம் பேர் வீட்டில் பேசுவது ஸ்பானிஷ். 40 சதவீதம் பேருக்கு ஸ்பானிஷைத் தவிர வேறு மொழி தெரியாது.

ஊரிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் தூரத்தில், குன்றுகளுக்கு அந்தப் பக்கம், ஒரு நச்சுக்கழிவுக் கிடங்கு. மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அதைவிடப் பெரியது அமெரிக்காவில் கிடையாது. நடத்தியது கெமிக்கல் வேஸ்ட் மேனேஜ்மென்ட் என்ற நிறுவனம். இப்படி ஒன்று பக்கத்தில் இருப்பதே ஊரில் பலருக்குத் தெரியாது. விதிகளை மீறியதற்காக அந்த நிறுவனத்துக்கு அபராதம் விழுந்து, செய்தி பத்திரிகையில் வந்தபோதுதான் தெரிந்தது.

அந்தக் கிடங்கில் ஓர் எரி உலை கட்ட நிறுவனம் அனுமதி கேட்டது. ஆண்டுக்கு ஒரு லட்சம் டன் நச்சுக்கழிவை எரிக்கும் உலை. சட்டம் சொன்னபடி அறிவிப்பும் கொடுத்தார்கள். எங்கே? ஹான்ஃபோர்டு என்ற ஊரில் வெளியாகும் பத்திரிகையில். கெட்டில்மன் சிட்டி அடங்கிய கிங்ஸ் கவுண்டியின் (நம் மாவட்டம்போல ஒரு நிர்வாகப் பகுதி) தலைமையிடம் அது, கெட்டில்மன் சிட்டியிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். கிடங்கின் வேலிக் கம்பங்களிலும் அறிவிப்பு ஒட்டினார்கள். அடுத்த நிலத்துக்காரர்களுக்குத் தபால் போனது. அந்த அடுத்த நிலத்துக்காரர்கள் எண்ணெய் நிறுவனங்களும் பெரும் விவசாய நிறுவனங்களும். குடியிருப்பவர்களில் ஒருவருக்கும் ஒரு காகிதமும் வரவில்லை. சட்டத்தில் ஓர் ஓட்டை இல்லாமல் எல்லாவற்றையும் நிறைவேற்றியாயிற்று.

1988 ஜனவரியில் கிரீன்பீஸ் அமைப்பின் பிராட்லி ஏஞ்சல் ஊர்ப் பெண்மணி ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தார். எரி உலை பற்றிய கூட்டம் நடக்கப்போகிறதே, தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றார் அவர். அதன் பிறகுதான் ஊர் கூடியது. ‘சுத்தமான காற்றுக்கும் தண்ணீருக்குமான மக்கள்’ என்று பொருள்படும் ஸ்பானிஷ் பெயரில் ஒரு சங்கம் பிறந்தது. சுருக்கமாக ‘எல் பியூப்ளோ’.

அவர்கள் வைத்த முதல் கோரிக்கைகளில் ஒன்று மிகச் சாதாரணமானது. எங்களுக்குப் புரிகிற மொழியில் சொல்லுங்கள்.

கூடத்தின் கடைசிக்கு

கலிஃபோர்னியாவில் பெரிய திட்டம் எதுவானாலும் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தயாரித்து, மக்கள் கருத்தைக் கேட்டு, கேட்ட கேள்விகளுக்கு எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். 1970-ஆம் ஆண்டுச் சட்டம் அது. எரி உலைக்கான அறிக்கை ஏறக்குறைய 1,000 பக்கம். காற்றில் கலக்கும் வேதிப்பொருள்கள், காற்றோட்டத்தின் திசை, புற்றுநோய் வாய்ப்பின் கணக்கு எல்லாம் ஆங்கிலத்தில். ஸ்பானிஷில் தாருங்கள் என்று ஊர் கேட்டது. கவுண்டி மறுத்துவிட்டது. நிறுவனம் ஐந்து பக்கத்தில் ஒரு ஸ்பானிஷ் சுருக்கம் கொடுத்தது.

ஊர்க்காரர்கள் அதோடு விடவில்லை. கருத்துத் தெரிவிக்கும் காலத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்களை ஸ்பானிஷிலேயே எழுதி அனுப்பினார்கள். அறிக்கையை மொழிபெயர்த்துத் தாருங்கள், அதுவரை முடிவெடுக்காதீர்கள் என்பதுதான் கடிதங்களின் சாரம். எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். ஆங்கிலம் தெரிந்த யாரையாவது பிடித்து எழுதி வாங்கியிருக்கலாம். செய்யவில்லை. அலுவலகம் இந்தக் கடிதங்களைப் படிக்க வேண்டுமென்றால் அதுவும் ஒரு மொழிபெயர்ப்பாளரைத் தேடியாக வேண்டும்; கடிதங்கள் கோப்பில் ஏறியாக வேண்டும். மொழி ஒரு தடை என்பதற்கு அந்தக் கோப்பே சாட்சியாகிவிட்டது. பின்னால் நீதிமன்றத்தில் உதவியதும் அதுதான்.

கவுண்டியின் திட்டக் குழு நடத்திய பொது விசாரணை ஹான்ஃபோர்டில், பெரிய கண்காட்சிக் கூடம் ஒன்றில் நடந்தது. கெட்டில்மன் சிட்டியிலிருந்து சுமார் 200 பேர் வண்டிகளில் அணிவகுத்து வந்தார்கள். மேடையில் குழு உறுப்பினர்கள்; எதிரே வரிசை வரிசையாக நாற்காலிகள். எங்கள் பேச்சையும் உங்கள் பேச்சையும் பெயர்த்துச் சொல்ல ஏற்பாடு வேண்டும் என்று ஊர்க்காரர்கள் கேட்டார்கள். மேடையிலிருந்து மொழிபெயர்ப்பு கிடையாது என்று பதில் வந்தது. ஸ்பானிஷில் கேட்க வேண்டியவர்கள் கூடத்தின் பின்பக்கம் போய், அங்கே மொழிபெயர்ப்பாளரைச் சுற்றி நின்றுகொள்ளலாம் என்று சொல்லப்பட்டது.

யார் ஊருக்குப் பக்கத்தில் உலை வரப்போகிறதோ அவர்களைக் கூடத்தின் கோடிக்கு அனுப்பிவிட்டு, அந்த உலையைப் பற்றிப் பேசினார்கள்.

கவுண்டி மேற்பார்வையாளர் குழு 1991 தொடக்கத்தில் திட்டத்துக்கு அனுமதி கொடுத்தது. கொடுத்ததில் வியப்பில்லை. கிடங்கிலிருந்து கிடைத்த வரி வருவாய் அப்போதே கவுண்டியின் வரவு செலவுத் திட்டத்தில் சுமார் 8 சதவீதம். இன்னொரு தகவலையும் இங்கே சொல்லிவிடலாம். 1984-இல் கலிஃபோர்னியாவின் கழிவு மேலாண்மை வாரியத்துக்காக செரல் அசோசியேட்ஸ் என்ற ஆலோசனை நிறுவனம் ஓர் அறிக்கை எழுதியது. கழிவு எரிக்கும் ஆலைகளை எங்கே வைத்தால் எதிர்ப்பு குறைவாக இருக்கும் என்பதே கேள்வி. வருமானம் குறைந்தவர்கள், பள்ளிப் படிப்போடு நின்றவர்கள், கிராமத்தவர்கள், கத்தோலிக்கர்கள் என்று அது அடையாளம் சொன்னது. கெட்டில்மன் சிட்டியை மனதில் வைத்து எழுதியதல்ல அது. ஆனால் வர்ணனை ஒட்டுமொத்தமாகப் பொருந்தியது.

நீதிபதி கண்டது

எல் பியூப்ளோவின் வழக்கறிஞர் லூக் கோல். ஹார்வர்டில் சட்டம் படித்துவிட்டு, பண்ணைத் தொழிலாளர்களுக்காக வாதாட வந்தவர். சேக்ரமென்டோ மேல்நிலை நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. 1991 டிசம்பர் 30 அன்று நீதிபதி ஜெஃப்ரி குந்தர் தீர்ப்புச் சொன்னார். காற்றுத் தரம், விவசாயம் பற்றிய ஆய்வில் அறிக்கை போதாது என்றார். அத்தோடு நிற்கவில்லை. ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பு இல்லாததால் ஊர் மக்கள் இந்த நடைமுறையில் பொருளுள்ள வகையில் பங்கெடுக்கவே முடியாமல் போனது என்றும் முடிவுசெய்தார். அனுமதி ரத்தானது. 1993 செப்டம்பரில் நிறுவனம் எரி உலைத் திட்டத்தையே கைவிட்டது.

தீர்ப்பில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அந்த 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மொழி பற்றிய பிரிவு எதுவும் நீதிபதிக்குத் துணையாக இல்லை. மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. விஷயமே புரியாதவரிடம் கருத்துக் கேட்பது கேட்டதாகாது என்று அவர் நியாயத்தைக் கட்டினார். பெயரில் மேல்நிலை என்று இருந்தாலும் அது கீழமை நீதிமன்றம்தான் என்பதால், இந்தத் தீர்ப்பு மற்ற நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் அமெரிக்காவில் உள்ளாட்சிக் கூட்டங்களில் மொழி உரிமை பற்றிப் பேசுகிற எவரும் கெட்டில்மன் சிட்டியைத் தாண்டிப் போக முடியாது.

வென்றார்கள், சுபம் என்று முடித்துவிட வழியில்லை. 2009-இல் அதே கிடங்கை விரிவாக்க வேண்டி அதே கவுண்டியில் மறுபடி விசாரணை நடந்தது. இந்த முறை மொழிபெயர்ப்பாளர் இருந்தார். ஆனால் பெயர்த்துச் சொல்லும் நேரமும் பேசுகிறவரின் கணக்கில் சேர்ந்ததால், ஆங்கிலத்தில் பேசியவருக்குக் கிடைத்ததில் பாதி நேரமே தங்களுக்குக் கிடைத்தது என்று ஸ்பானிஷ் பேசியவர்கள் முறையிட்டார்கள். இதுவும் கூடத்தின் கடைசிதான், கடிகாரத்தால் அனுப்பியிருக்கிறார்கள்.

இந்தக் கணக்கைக் கலிஃபோர்னியா 2016-இல் சட்டம் போட்டுத் திருத்தியது. உள்ளாட்சிக் கூட்டத்தில் பேச்சாளருக்கு நேர வரம்பு வைத்தால், மொழிபெயர்ப்பாளர் உதவியோடு பேசுகிறவருக்குக் குறைந்தது இரண்டு மடங்கு நேரம் தர வேண்டும். ஒரே நேரத்தில் காதொலிக் கருவி வழியாகப் பெயர்க்கும் வசதி இருந்தால் மட்டும் இது தேவையில்லை.

பெயர்த்துச் சொல்வது எப்படி நடக்கிறது?

இரண்டு வழிகள் இருக்கின்றன. பேசுகிறவர் இரண்டு மூன்று வாக்கியம் சொல்லி நிறுத்த, மொழிபெயர்ப்பாளர் அதைச் சொல்லி நிறுத்த, இப்படியே போவது ஒன்று. நம் ஊர் அரசியல் மேடைகளில் டெல்லித் தலைவர்கள் பேசும்போது பார்த்திருப்போம். செலவு குறைவு, நேரம் இரட்டிப்பு. இன்னொன்று, பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு மூலையில் அல்லது கண்ணாடி அறையில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் பெயர்த்துக்கொண்டே போவது. கேட்பவர் காதில் மாட்டிக்கொள்வார். 1945 நவம்பரில் தொடங்கிய நியூரம்பர்க் விசாரணையில் நான்கு மொழிகளில் இப்படிச் செய்தார்கள். கருவிகளை ஐபிஎம் நிறுவனம் கொடுத்தது. உலகம் பரவலாக இந்த முறையை அறிந்தது அங்கேதான்.

இப்படிச் செய்வதில் இருபது முப்பது நிமிடத்துக்குமேல் ஒருவரால் தாக்குப்பிடிக்க முடியாது. பிழைகள் பெருகிவிடும். ஆகவே இரண்டு பேர் மாறி மாறி உட்காருவார்கள். மூன்று மணி நேர நகர்மன்றக் கூட்டத்துக்கு ஒரே ஒருவரை அமர்த்தியிருக்கிறார்கள் என்றால் அங்கே சடங்குக்கு ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலும் ஆவணங்களும் மொழிபெயர்ப்பாளர் கைக்கு முன்கூட்டியே போக வேண்டும் என்பதும் பலருக்குத் தோன்றுவதில்லை. நில வகை மாற்றம், கடன் பத்திரம், வடிகால் கட்டணம் என்று மேடையில் அடுக்கிக்கொண்டே போகும்போது, அதற்குமுன் ஒரு தாளைக்கூடப் பார்க்காத மொழிபெயர்ப்பாளர் என்ன செய்ய முடியும்? பாதியை விழுங்குவார்.

அதைவிட மோசம், குழந்தையை இழுத்து நிறுத்துவது. குடியேறிய குடும்பங்களில் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்குத்தான் ஆங்கிலம் வரும். அதனால் மருத்துவமனை, வங்கி, அரசு அலுவலகம் எங்கும் பத்துப் பன்னிரண்டு வயதில் அந்தப் பிள்ளைதான் வீட்டுக்கு வாய். வாடகை கூட்டியதை எதிர்த்து அம்மா கோபமாகப் பேசுவதைச் சபை நடுவே பிள்ளை எப்படிச் சொல்லும்? பயத்தில் கோபத்தைக் கழித்துவிட்டுச் சொல்லும். தொழில்முறை மொழிபெயர்ப்பாளருக்கு அந்தக் கோபத்தையும் சேர்த்துச் சொல்வது கடமை.

மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கும் முறையிலும் சிக்கல் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் வழக்கமான உள்ளாட்சிக் கூட்டங்களுக்கு நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்னால் வெளியிட வேண்டும். சான் ஃபிரான்சிஸ்கோ போன்ற நகரங்களில் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் 48 மணி நேரம் முன்னால் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரே நாள். அந்த ஒரு நாளில், ஆங்கிலத்தில் இருக்கிற நிகழ்ச்சி நிரலைப் பார்த்து, அதில் தன் தெருவைப் பற்றிய விஷயம் இருப்பதைக் கண்டுபிடித்து, மொழிபெயர்ப்பு கேட்கிற வாக்கியம் கீழே எங்கேயோ இருப்பதையும் படித்து, ஆங்கிலம் தெரியாத ஒருவர் மனுப் போட வேண்டும்! இப்படிப்பட்ட விதியை எழுதியவர்கள் கெட்டவர்கள் அல்ல. மொழி தெரியாமல் ஓர் அலுவலகத்தின் வாசலில் நின்ற அனுபவம் அவர்களுக்கு இல்லை, அவ்வளவே. நடைமுறையில் இந்த மனுக்களைப் பெரும்பாலும் போடுவது சங்கங்களும் தேவாலயங்களும் வாடகைதாரர் அமைப்புகளும்தான்.

சட்டம் கொடுத்ததும் எடுத்ததும்

அமெரிக்காவில் இந்த உரிமைக்கு அடித்தளம் 1964-ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பகுதி. கூட்டரசின் நிதியை வாங்குகிற எந்த அமைப்பும் இனம், நிறம், பூர்வீக நாடு பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது. மொழி என்ற சொல் அதில் இல்லை. சான் ஃபிரான்சிஸ்கோ பள்ளிகளில் ஆங்கிலம் தெரியாத சீனக் குழந்தைகள் தொடர்பான லாவ் வழக்கில், 1974-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் குழந்தைகளுக்கு மொழி உதவி தராதது இந்தச் சட்டத்துக்கு முரண் என்றது. பூர்வீக நாட்டுக்குள் மொழி வந்து சேர்ந்தது அப்படித்தான். 2000 ஆகஸ்ட் 11 அன்று அதிபர் பில் கிளின்டன் 13166-ஆம் எண் ஆணையில் கையெழுத்திட்டார். ஆங்கிலம் சரியாக வராதவர்களுக்கும் அரசின் சேவை போய்ச் சேர வழி செய்யுங்கள் என்றது ஆணை. எத்தனை பேர், எவ்வளவு அடிக்கடி வருகிறார்கள், விஷயம் எவ்வளவு முக்கியம், கையில் எவ்வளவு பணம் என்று நான்கையும் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பது நடைமுறையானது.

அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் கடிவாளம் போட்டது. அலபாமா மாநிலம் ஓட்டுநர் உரிமத் தேர்வை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தியதை எதிர்த்த வழக்கு. வேண்டுமென்றே செய்த பாகுபாடு என்று காட்ட முடியாவிட்டால், விளைவை மட்டும் வைத்துத் தனிநபர் இந்தச் சட்டத்தின்கீழ் வழக்குப் போட முடியாது என்று 2001-இல் தீர்ப்பானது. அரசுத் துறையிடம் புகார் கொடுத்துவிட்டுக் காத்திருக்கலாம். 2025 மார்ச் 1 அன்று அதிபர் டிரம்ப் ஆங்கிலத்தை அமெரிக்காவின் ஆட்சிமொழியாக அறிவித்து, கிளின்டனின் ஆணையை ரத்துசெய்தார். ஆறாம் பகுதி அப்படியே இருக்கிறது. அதைச் செயல்படுத்தச் சொல்லிவந்த கைதான் விலகிவிட்டது.

இனி மாநிலமும் நகரமும் என்ன செய்கின்றன என்பதே கணக்கு. நியூயார்க் நகரம் 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து மொழிகளில் ஆவணங்களைத் தருகிறது. வங்காளமும் உருதுவும் அந்தப் பத்தில் உண்டு. தமிழ் இல்லை, தமிழருக்குத் தொலைபேசி வழி மொழிபெயர்ப்பாளர்தான். கலிஃபோர்னியா 2025 அக்டோபரில் புதிய சட்டம் கொண்டுவந்தது. பெரிய நகரங்களும் கவுண்டிகளும் 2026 ஜூலை முதல் நிகழ்ச்சி நிரலை, ஐந்தில் ஒரு பங்கு மக்களாவது பேசுகிற, அவர்களில் கணிசமானோருக்கு ஆங்கிலம் சரியாக வராத மொழிகளில் வெளியிட வேண்டும். நல்ல சேதி. கூர்ந்து பார்த்தால், மொழிபெயர்க்க வேண்டியது நிகழ்ச்சி நிரலை மட்டும். அதோடு இணைந்து வருகிற அறிக்கைகளை அல்ல. ‘நான்காம் பொருள்: நில வகை மாற்றம்’ என்று உங்கள் மொழியில் வரும். எந்த நிலம், எதற்காக, யாருக்கு லாபம் என்கிற பக்கங்கள் ஆங்கிலத்தில் இருக்கும்.

மறுபடியும் ஐந்து பக்கம்.

செலவைப் பற்றிய வாதம் எப்போதும் வரும். ஆயிரம் பக்கத்தை மொழிபெயர்க்க ஆகும் செலவு ஊராட்சிக்குச் சுமை என்பார்கள். அந்த ஆயிரம் பக்கத்தைத் தயாரிக்க ஆன செலவில் அது எவ்வளவு என்று கேட்டால் பேச்சு நின்றுவிடும். குடியேறிய நாட்டின் மொழியைக் கற்றுக்கொண்டு வரட்டுமே என்பது அடுத்த வாதம். கற்கத்தான் வேண்டும், கற்கிறார்கள். ஆனால் உலையில் புகை கிளம்பும் தேதி அவர்கள் தேர்வு எழுதும் தேதியைப் பார்த்து வைக்கப்படுவதில்லை. அன்றாட ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவருக்கே அந்த அறிக்கைகள் பாதிதான் புரியும்.

சுருக்கத்தை எழுதுகிறவர் யார் என்பதும் முக்கியம். திட்டம் நிறைவேற வேண்டும் என்று காசு போட்டவரின் தரப்பே எதைச் சுருக்குவது, எதை விடுவது என்று தீர்மானிக்கிறது. மாற்று இடம் இருந்ததா, கணக்கில் எந்தக் கிணறு விடுபட்டது என்பதெல்லாம் சுருக்கத்தில் தங்காது. மக்கள் சண்டை போடுவதோ அந்த விடுபட்ட விஷயங்களுக்காகத்தான்.

நம் பந்தல்கள்

நம்மூரில் இதற்கு இணையான இடம் தெளிவாகத் தெரியும்: சுரங்கம், துறைமுகம், அனல்மின் நிலையம் வரும்போது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்துகிற கருத்துக்கேட்புக் கூட்டம். 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ் நடப்பது. பந்தலில் பேச்சு தமிழில்தான் நடக்கும். அது நமக்குச் சிக்கலில்லை. பேசப்படுகிற அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கம், ஆங்கிலத்தில். தமிழில் கிடைப்பது பெரும்பாலும் சுருக்கம் மட்டும். அறிக்கையை எழுதுவது திட்டத்தைக் கொண்டுவரும் நிறுவனம் அமர்த்திய ஆலோசகர்.

அந்த அறிவிக்கையையே மாற்ற 2020-இல் மத்திய அரசு வரைவு ஒன்றை வெளியிட்டது. ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வெளியிட்டுவிட்டு நாடு முழுவதிடமும் கருத்துக் கேட்டார்கள். அந்த ஆண்டு ஜூன் 30 அன்று, அரசியலமைப்புச் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் மொழிபெயர்த்து வெளியிடும்படி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கெட்டில்மன் சிட்டி நீதிபதி சொன்ன அதே நியாயம்.

உங்கள் பகுதியில் இப்படியொரு கூட்டம் அறிவிக்கப்பட்டால் குறைந்தது 30 நாள் அவகாசம் இருக்கும். வரைவு அறிக்கை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் பார்வைக்கு இருக்க வேண்டும். போய்ப் பாருங்கள். சுருக்கம் மட்டும் தமிழில் இருந்தால், முழு அறிக்கையையும் தமிழில் கேட்டு, கெட்டில்மன் சிட்டிக்காரர்கள் செய்ததுபோல் ஆளுக்கொரு மனுவாக எழுதிக்கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். கூட்டம் முடிகிறபோது, பேசப்பட்டவற்றின் தொகுப்பை உள்ளூர் மொழியில் கூடியிருப்பவர்களுக்குப் படித்து விளக்க வேண்டும், அதன் பிறகே அன்றே அதில் கையெழுத்தாக வேண்டும் என்பது விதி. அதைப் படிக்கும்வரை பந்தலை விட்டுக் கிளம்பாதீர்கள். நீங்கள் சொன்னது அதில் இல்லையென்றால், அதிகாரி கையெழுத்துப் போடுவதற்கு முன்பே எழுந்து சொல்லுங்கள்.